கடியாப் பூச்சியும் அதன் இரு பெயர்களும்

மாலையில் விளக்கேற்றியதும் கல்கத்தாவிலும் தில்லியிலும் வாழும் நம் இல்லச் சுவர்களில் கொசுவை ஒத்த சிறு பூச்சிகள் வந்தமர்வதைக் காண்கிறோம்; கண்டதும் கை ஓங்குகிறோம். அவற்றுட் பல நம்மைக் கடிக்கும் இயல்பே அற்றவை. குளத்தடிச் சேற்றில் புழுவாக வளர்ந்து, சிறகு பெற்றபின் சின்னாளே வாழ்ந்து மடிபவை. அப்புழுக்களிற் சில நம் குருதியிலுள்ளது போன்ற செம்பொருளைத் தம் உடலிற் கொண்டு சிவந்து தோன்றும்.

கொசுவுக்கு நீண்ட உறிஞ்சுகுழல் உண்டு, இதற்கு இல்லை. கொசுவின் சிறகு நரம்புகளில் செதில்கள் படிந்திருக்கும். இதன் சிறகில் அவை இரா. மார்பின் பின்புறத்தே நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடுவதும் இதற்குரிய அடையாளம். ஆணின் உணர்கொம்பு இறகுபோல் விரிந்திருக்கும் என்பர். ஆண் கொசுவுக்கும் அவ்வாறே இருத்தலால், அதனை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். அமரும்போது கொசு பின்னங்கால்களைத் தூக்கும். இதுவோ முன்னங்கால்களை உயர்த்தி அசைக்கும்.

ஜெர்மானிய அறிஞர் மைகன் 1803-இல் இவ்வினத்துக்குக் 'கைரோனோமஸ்' என்று பெயரிட்டார். கையசைத்து அபிநயிப்பவன் என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். பரதம் அறிந்த நமக்கு இப்பெயரின் அழகை எடுத்துரைக்க வேண்டுவதில்லை!

ஆனால் 1800-இலேயே அவர் வெளியிட்ட சிறு நூலொன்றில் இதற்கு 'டெண்டிபெஸ்' என்ற வேறொரு பெயர் இருந்தது. உலகம் மறந்துவிட்ட அந்நூலை 1908-இல் ஹெண்டல் என்பார் மீண்டும் வெளிக்கொணர்ந்தார். முந்திய பெயரே செல்லும் என்று ஒரு சாரார்; வழங்கும் பெயரை மாற்றலாகாது என்று மறுசாரார். ஒரே பூச்சி இரு பெயர்களில் எழுதப்பட்டது. ஒரு பெயரில் தேடியவர்க்கு மறுபெயரில் எழுதப்பட்டவை எளிதில் அகப்படவில்லை. 1963-இல்தான் விலங்குப் பெயர்களுக்கான பன்னாட்டு ஆணையம் 1800-ஆம் ஆண்டு நூலை ஒதுக்கி வழக்கைத் தீர்த்தது. அம்முடிவு சரியே என்பது நம் கருத்து.

நம் நாட்டுப் பூச்சிகளின் கதை வேறு. கல்கத்தா இந்திய மியூசியத்தில் சேர்த்து வைத்திருந்தவற்றை லொரேன் நாட்டுப் பாதிரியார் கீஃபர் ஆராய்ந்து, 1910, 1911 ஆண்டுகளில் புதிய இனங்கள் பலவற்றை வருணித்தார். அவர் உழைப்பு பெரிது, வருணனைகளோ சுருக்கமானவை. அவர் பார்த்த மூல மாதிரிகளிற் பல பிற்காலத்தில் கிடைக்கவில்லை. நிறத்தையும் அளவையும் மட்டும் கொண்டு இனம் பிரிக்க இயலாதென்று உணர்ந்த பின்னோர், ஆண்பூச்சியின் வாலிறுதியிலுள்ள இனவுறுப்பைக் காரநீரில் தெளிவித்து, கண்ணாடித் தகட்டில் பதித்து, நுண்பெருக்கியின் கீழ் ஒப்பிடலாயினர். புழுவாயின் தலையின் அடிப்புறத்துப் பல்வரிசையை எண்ணுகின்றனர். மேற்கு வங்கத்துப் பர்த்வான் பல்கலைக்கழகத்தாரும் இத்துறையில் நெடுங்காலம் உழைத்துள்ளனர். கீஃபர் எழுதிய சில வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் கண்ட பூச்சி இதுதானா என்று தேர்ந்தறியும் வேலை அவர்களுக்கு வாய்த்தது.