ஹனாய் ஜேனும் வீடு திரும்பிய சிப்பாய்களும்

வியட்நாம் போர் பற்றிப் பேச்சு வந்தாலே ஒரு புகைப்படமும் கூடவே வந்துடும். 1972 ஜூலை, ஹனாய். விமான எதிர்ப்பு பீரங்கியின் இருக்கையில் உட்கார்ந்து, தலையில் இரும்புத் தொப்பியோடு சிரிக்கிறார் ஜேன் ஃபோண்டா. அதே வருஷம் ஏப்ரலில்தான் 'க்ளூட்' படத்துக்காக ஆஸ்கர் வாங்கியிருந்தார். அந்த பீரங்கி குறிவைத்ததோ அமெரிக்க விமானிகளை!

அப்போது ஒட்டிக்கொண்ட 'ஹனாய் ஜேன்' என்ற பேர் இன்னிக்கும் போகலை. அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஹனாய் வானொலியில் பலமுறை பேசினார். 1973ல் விடுதலையாகி வந்த போர்க்கைதிகள் சித்திரவதை பற்றிச் சொன்னபோது, அவங்களைப் பொய்யர்கள் என்றார். அவங்க சொன்னது உண்மை. பீரங்கியில் உட்கார்ந்ததற்காக 1988ல் தொலைக்காட்சியில் மன்னிப்புக் கேட்டார். கைதிகள் ரகசியமாகக் கொடுத்த துண்டுச் சீட்டுகளை அவர் சிறை அதிகாரியிடம் காட்டிக்கொடுத்தார் என்று மின்னஞ்சலில் சுற்றிய கதை மட்டும் கட்டுக்கதை.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்தப் படத்தை வைத்து ரொம்ப காலமாக ஒரு கணக்கு போடறாங்க: ஒரு பக்கம் சிப்பாய்கள், இன்னொரு பக்கம் போரை எதிர்த்த பிரபலங்கள். நீங்க எந்தப் பக்கம்?

இந்தக் கணக்கில் ஒரு கூட்டமே காணாமல் போகுது. 1967லேயே வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் போருக்கு எதிராகச் சங்கம் தொடங்கிட்டாங்க. 1971 ஆரம்பத்தில் டெட்ராய்ட் நகரில் நூற்றுக்கும் மேற்பட்டவங்க கூடி, அங்கே தாங்கள் செய்ததையும் பார்த்ததையும் சாட்சியமாகச் சொன்னாங்க. அதற்குப் பணம் திரட்டித் தந்தவர்களில் ஒருத்தர் யார் தெரியுமா? இதே ஃபோண்டாதான். அந்த ஏப்ரலில் நூற்றுக்கணக்கான முன்னாள் சிப்பாய்கள் வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தின் முன்னால் தங்கள் பதக்கங்களை வீசி எறிஞ்சாங்க. இவங்க எந்தப் பக்கம்?

இன்னொரு கேள்வி. நடிகையைத் திட்டின ஊர், திரும்பி வந்தவங்களுக்கு என்ன செஞ்சுது? போர் மனசில் விட்ட காயத்துக்கு மனநல மருத்துவர்களின் அதிகாரபூர்வக் கையேட்டில் தனிப் பெயர் கிடைத்ததே 1980ல்தான். 1982ல் வாஷிங்டனில் எழுந்த நினைவுச் சுவருக்கு அரசு கொடுத்தது நிலம். கட்டிய செலவு நன்கொடையில் வந்தது, அதை முன்னின்று திரட்டியதும் ஒரு முன்னாள் சிப்பாய்தான். ஏஜென்ட் ஆரஞ்ச் என்ற களைக்கொல்லியால் நோயாளி ஆனவங்க ரசாயனக் கம்பெனிகள் மீது வழக்குப் போட்டு, 1984ல் 18 கோடி டாலருக்குச் சமரசம் ஆச்சு. அந்த நோய்களுக்கு உதவித்தொகை தர நாடாளுமன்றம் தனிச் சட்டம் கொண்டுவந்தது 1991ல். அமெரிக்கப் படை வியட்நாமை விட்டு வெளியேறி அதற்குள் 18 வருஷம் ஓடிடுச்சு.

ஃபோண்டாவைத் திட்ட காசு செலவில்லை. சிப்பாயின் மருத்துவத்துக்குக் காசு வேணும், சட்டம் வேணும், விடாமல் கேட்க ஆள் வேணும். அதைக் கேட்டவங்க பெரும்பாலும் முன்னாள் சிப்பாய்களே. அதனால, 'நான் சிப்பாய்கள் பக்கம்' என்று யாராவது நடிகை படத்தைக் காட்டினால், நான் இந்த 1991ஐத்தான் ஞாபகப்படுத்துவேன்.