வேலூரில் அளந்து கண்ட குறை



எங்கள் ஜிந்துப்பிட்டியில் ஒரு வீட்டார் "வேலூருக்குப் போறோம்" என்றால் நாங்கள் மேற்கொண்டு கேட்பதில்லை. பெரிய வருத்தம் என்று விளங்கிவிடும். ஆனால் அதே வேலூர் சீஎம்சியில் ஓர் ஆய்வுகூடம் செய்த வேலையை எம்மில் பலர் அறியோம்.

1949இல் வைத்தியர் ஜேக்கப் சாண்டி அங்கே நரம்பியல் பிரிவைத் தொடங்கினார். அமெரிக்காவில் ஆய்வு செய்து திரும்பிய கல்கத்தாக்காரர் பீமல் குமார் பச்சாவத், 1950களின் பிற்பகுதியில் அங்கு நரம்பு இரசாயன ஆய்வுகூடத்தை அமைத்தார். நாம் கறிக்கு வாங்கும் ஆட்டு மூளைதான் அவர்களுக்கு ஆய்வுப் பொருள். அதிலிருந்து நொதியங்களைப் பிரித்து, அவை சல்பேட்டை எப்படிக் கையாளுகின்றன என்று பார்த்தார்கள்.

அந்த அறிவு ஒரு குழந்தை நோய்க்குக் கைகொடுத்தது. நடக்கப் பழகிய பிள்ளை ஒன்றரை, இரண்டு வயதில் தடுமாறத் தொடங்கும். பிறகு நடை போகும், பேச்சும் போகும். பெயர் மெட்டாகுரோமட்டிக் லூக்கோடிஸ்ட்ரோபி. நரம்பின் உறையில் சல்பட்டைட் என்ற கொழுப்பு சேர்வது 1950களிலேயே தெரிந்திருந்தது. அது ஏன் கரையாமல் தேங்குகிறது என்பதுதான் கேள்வி.

நொதியத்தைக் கண்ணால் எண்ண முடியாது. அது செய்யும் வேலையைத்தான் அளக்கலாம். இழையத்தைக் குளிரில் வைத்து அரைத்து, நொதியம் வெட்டக்கூடிய ஒரு பொருளை அந்தச் சாற்றில் சேர்த்து, 37 பாகையில் வைப்பார்கள். நேரம் முடிந்ததும் காரம் சேர்த்தால், வெட்டப்பட்ட பகுதி சிவப்பாகும். சிவப்பு கூடக்கூட நொதியத்தின் வேலையும் கூட. கிடைத்த அளவை, சாற்றிலுள்ள புரதத்தின் ஒவ்வொரு மில்லிகிராமுக்கும் எவ்வளவு என்று கணக்கிடுவார்கள்.

ஆனால் ஒரு தனி எண்ணுக்குப் பொருளில்லை. ஈரலில் உள்ள அளவு மூளையில் இராது. ஆட்டில் உள்ளது மனிதனில் இராது. ஆகவே மனித ஈரலை மனித ஈரலோடும், சிறுநீரகத்தைச் சிறுநீரகத்தோடும்தான் ஒப்பிட வேண்டும். விலங்கின் இழையம் வழி காட்டும்; தீர்ப்புச் சொல்லாது. வகுப்பில் கட்டுப்பாட்டுப் பரிசோதனை என்று நாங்கள் படிப்பிப்பது இதைத்தான்.

1963இல் அமெரிக்க நரம்பியல் வைத்தியர் ஜேம்ஸ் ஆஸ்டினும் பச்சாவத்தும், பாலசுப்பிரமணியன், பட்டாபிராமன், சரஸ்வதி, பாசு ஆகியோரும் சேர்ந்து, மூன்று நோய்களில் பல நொதியங்களை இப்படி ஒப்பிட்டு வெளியிட்டார்கள். இந்த நோயில் அரைல்சல்பட்டேஸ் ஏ என்ற நொதியம் மிகக் குறைந்திருந்தது. கொழுப்பு தேங்கியதற்கான காரணம் அகப்பட்டது.

அதன் பலன் பெரிது. இறந்த பிள்ளையின் உறுப்பில் தொடங்கிய அளவை, பின்னர் உயிரோடிருக்கும் பிள்ளையின் சிறுநீரிலும் வெண்குருதிக் கலங்களிலும் செய்ய முடிந்தது. 2020இல் ஐரோப்பாவிலும் 2024இல் அமெரிக்காவிலும் இதற்கான மரபணுச் சிகிச்சை அனுமதி பெற்றது. அறிகுறி தோன்றுமுன் கொடுத்தால் அதிக பலன். விலைதான் எம் போன்றவர்களுக்கு எட்டாதது.

எமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. இப்படிப் பிள்ளை பிறந்தால் தாயைக் குறை சொல்கிறோம், கண்ணூறு என்கிறோம். உண்மையில் பழுதான மரபணு தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றுமாக வருகிறது. அப்படிப்பட்ட பெற்றோருக்கு ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. சொந்தத்துக்குள் முடிக்கும்போது இருவரிடமும் அதே பழுது இருக்கும் சாத்தியம் கூடும்.

குடும்பத்தில் முன்பு இப்படி ஒரு பிள்ளை இருந்திருந்தால் மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். அடுத்த பிள்ளையை நேரத்தோடு பரிசோதிக்க அந்த ஒரு வார்த்தை போதும்.