மாங்கனித் திருவிழாவும் ரோல்பிளேயிங் கேமும்

பழகியவரும் புதியவரும் ஒரே விளையாட்டில் சேர்ந்தால் என்ன ஆகும்? பழகியவருக்கு அலுப்பு, புதியவருக்குப் பயம். வேடமேற்று ஆடும் விளையாட்டுகளை உருவாக்கியவர்களுக்கு ரொம்ப நாளாகவே இது ஒரு தலைவலி.

1824-ல் பிரஷ்ய இராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் 'கிரீக்ஸ்ஷ்பீல்' என்ற போர் விளையாட்டை வெளியிட்டார். வரைபடம், பகடை, அட்டவணை என்று ஏகப்பட்ட விதிகள். 1876-ல் வெர்டி து வெர்னுவா ஒரு வழி சொன்னார்: விதிகளை ஓரம் வையுங்கள், அனுபவமுள்ள நடுவர் முடிவு சொல்லட்டும். புதியவர் தான் என்ன செய்யப்போகிறேன் என்று சொன்னால் போதும்.

1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' கொண்டுவந்தார்கள். இதிலும் நடுவர் உண்டு. ஆனால் அந்த மூன்று சிறு புத்தகங்களும் போர் விளையாட்டு தெரிந்தவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. மற்றவர்கள் திணறினார்கள். 1977-ல் எரிக் ஹோம்ஸ் தொகுத்த ஆரம்பப் பெட்டி வந்தது. அதில் முதல் மூன்று நிலைகளுக்கு மட்டுமே விதிகள்.

இப்போது நம்ம காரைக்காலுக்கு வருவோம். மாங்கனித் திருவிழாவை விளையாட்டோடு ஒப்பிடலாமா என்று கோபப்படாதீர்கள். பக்தி பக்தியாகவே இருக்கட்டும், நான் பார்ப்பது அமைப்பை மட்டும்தான்.

சேக்கிழார் 12-ம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் சொன்ன கதை இது. கணவன் பரமதத்தன் அனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றைப் புனிதவதி சிவனடியாருக்குப் படைக்கிறார். கணவன் இரண்டாவது கனியையும் கேட்க, இறைவனை வேண்டிப் பெறுகிறார். அவரே பின்னாளில் காரைக்கால் அம்மையார். ஆனி மாதத்தில் ஊரே இந்தக் கதையை நடத்துகிறது. மாப்பிள்ளை அழைப்பு, திருக்கல்யாணம், பௌர்ணமியன்று பிச்சாண்டவர் வீதியுலா.

யாருக்கு என்ன வேலை என்று பாருங்கள். குருக்களுக்கும் ஓதுவாருக்கும் பல வருடப் பயிற்சி வேண்டும். வீதியில் இருக்கும் வீட்டுக்காரர்கள் மாங்கனி வைத்துப் படைக்கிறார்கள், மாடியிலிருந்து கனிகளை வீசுகிறார்கள். இதற்கு வழக்கம் தெரிந்தால் போதும். முதல்முறை வந்த சிறுவனுக்கு ஒரே வேலைதான்: கனியைப் பிடிப்பது! யாரும் அவனுக்கு விதி சொல்லவேண்டாம். பிடித்த பிறகு, "ஏன் மாங்கனி?" என்று கேட்பான். கதை அப்போது தொடங்கும்.

வெர்னுவா விதிகளைக் குறைத்தார். ஹோம்ஸ் புதியவர்களுக்குத் தனிப் பெட்டி கொடுத்தார். காரைக்காலில் இரண்டும் இல்லை. எல்லோருக்கும் ஒரே வீதி, ஒரே கதை, பங்கு மட்டும் வேறு வேறு.

ஒரு வித்தியாசத்தையும் ஒப்புக்கொள்ளவேண்டும். திருவிழாவில் கதையின் முடிவு மாறாது. ரோல்பிளேயிங் கேமில் ஆடுபவர் முடிவை மாற்றலாம். ஆனாலும் கேம் செய்ய நினைக்கும் நண்பர்களுக்கு இதில் பாடம் இருக்கிறது. பழகியவர்களுக்காக மட்டுமே செய்த விளையாட்டு அவர்களோடு முடிந்துவிடும். புதியவன் கையில் முதலில் ஒரு மாங்கனியைக் கொடுங்கள். விதிப்புத்தகத்தை அப்புறம் அவனே கேட்டு வாங்கிக்கொள்வான்.