"நீங்க வந்து எத்தனை வருஷம் ஆச்சு?"

புதிதாக ஓர் ஊரில் போய் இறங்குகிறவருக்கு முதலில் வேண்டியது ஒரு பழைய ஆள். விமான நிலையத்துக்கு வண்டி கொண்டுவர, இரண்டு வாரம் ஹாலில் படுக்க இடம் தர, எந்தக் கடையில் நல்லெண்ணெய் கிடைக்கும் என்று சொல்ல. இப்படி ஒருவர் இல்லாமல் நம்மில் அநேகமாக யாரும் கரையேறியிருக்க மாட்டோம். ஆறு மாதம் கழித்து தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் நாம் வாயைத் திறந்தால், "நீங்க வந்து எத்தனை வருஷம் ஆச்சு?" என்று கேட்பதும் பெரும்பாலும் அவரேதான்.

இந்தக் கேள்விக்கு நம் ஆட்களிடையே நூறு வருடத்துக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு. அதைப் பார்க்க நல்ல இடம் மூணாறு. தேனிலவு மூணாறு இல்லை, லயத்து வீடுகளின் மூணாறு. கொஞ்சம் நீளமாகப் போகும், காபியோடு உட்காருங்கள்.

முதல் பழைய ஆள்: கங்காணி

பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்கிற வெள்ளைக்காரர் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தது 1877-இல். காப்பி, சின்கோனா என்று என்னென்னவோ போட்டுப் பார்த்து, கடைசியில் தேயிலைதான் நிலைத்தது. 1897-இல் கண்ணன் தேவன் கம்பெனி உருவானது. மலையில் அதற்கு முன்பே இருந்தவர்கள் முதுவான் மக்கள். அவர்களும் தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து வந்ததாகத்தான் சொல்கிறார்கள். ஆக, அந்த மலையில் 'வந்தவர்' என்ற சொல்லுக்கு யாரும் முழு விலக்கு இல்லை.

தேயிலைக்கு ஆள் வேண்டும். திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் பக்கம் பஞ்சமும் கடனும் இருந்தன. இரண்டையும் இணைத்தவர் கங்காணி. தன் ஊருக்குப் போய், தன் சாதிசனத்திடம், தன் உறவுக்காரர்களிடம் பேசி, கையில் முன்பணம் கொடுத்து, போடி வழியாக மலையேற்றிக் கூட்டி வருவார். வந்தவர்களுக்கு லயத்தில் இடம் பிடித்துக் கொடுப்பது, அரிசி வாங்கித் தருவது, காய்ச்சல் வந்தால் கவனிப்பது, துரையிடம் பேசுவது எல்லாம் அவர்தான். துரையின் மொழி இவர்களுக்குத் தெரியாது, இவர்கள் மொழி துரைக்கு அரைகுறை. நடுவில் நின்றவர் கங்காணி.

அவர் வில்லன் என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. அவரும் ஒரு காலத்தில் அதே பாதையில் நடந்து வந்தவர்தான். ஆனால் கணக்கு நோட்டு அவர் கையில் இருந்தது. முன்பணம் எவ்வளவு, கழிந்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்பதெல்லாம் அவர் எழுதியதுதான். படிக்கத் தெரியாதவர்கள் அதை எப்படிச் சரிபார்ப்பார்கள்? எத்தனை பேரைக் கூட்டி வந்தார், அவர்கள் எத்தனை நாள் வேலைக்குப் போனார்கள் என்பதைப் பொறுத்து அவருக்குக் கமிஷன். அதனால் புதியவர் புதியவராகவே, கடனோடேயே இருப்பது அவருக்கு லாபம். உதவியும் பிடியும் ஒரே கையில் இருந்தன. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

(இலங்கையிலும் இதே கதைதான். மலையகத் தொழிலாளர்களின் பெருந்தலைவரான சௌமியமூர்த்தி தொண்டமானின் அப்பா கூலியாகப் போய், கங்காணியாகி, பிறகு தோட்ட முதலாளியே ஆனவர்.)

இரண்டாவது பழைய ஆள்: சங்கம்

சுதந்திரத்தை ஒட்டி மலைக்குத் தொழிற்சங்கங்கள் வந்தன. 1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்து, வீடு, மருத்துவம், பிள்ளைக்காப்பகம் எல்லாம் நிர்வாகத்தின் கடமை ஆயிற்று. கங்காணி முறையும் மெல்ல ஒழிந்தது. இதையெல்லாம் யாரும் தட்டில் வைத்துக் கொடுக்கவில்லை. 1958 அக்டோபரில் நடந்த வேலைநிறுத்தத்தில் போலீஸ் சுட்டு, ஹசன் ராவுத்தர், பாப்பம்மாள் என்ற இரண்டு தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். அப்போது ஆட்சியில் இருந்தது இ.எம்.எஸ். தலைமையிலான கம்யூனிஸ்ட் அமைச்சரவை! அதே வருடம் மே மாதம்தான் தேவிகுளம் இடைத்தேர்தலில் அந்தக் கட்சியின் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்திருந்தார். அவருக்காக லயம் லயமாகப் பாட்டுப் பாடி ஓட்டுக் கேட்டவர் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன், நம் இளையராஜாவின் அண்ணன்.

சங்கத்துக்கு ரத்தம் சிந்திய ஆரம்பம் உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஐஎன்டியுசி, ஏஐடியுசி, சிஐடியு என்று பிரிந்து வளர்ந்தாலும், ஒரு தலைமுறைக்கு அவைதான் கங்காணியிடமிருந்து விடுதலை.

ஆனால் வருடங்கள் ஓடின. கொழுந்து பறிப்பது பெரும்பாலும் பெண்கள், மேடையில் இருப்பது ஆண்கள் என்பது வழக்கமாகிப்போனது. சம்பளப் பேச்சுவார்த்தை எங்கோ திருவனந்தபுரத்தில் நடக்கும், முடிவு மலைக்கு வந்து சேரும். சந்தா கட்டுகிறவருக்குக் கணக்கு தெரியாது. கவனியுங்கள், கங்காணி போய்விட்டார், ஆனால் நோட்டு இன்னொருவர் கைக்குப் போயிருந்தது.

நடுவில் ஒரு கிளைக்கதை: காகிதத்தில் யார் பழையவர்?

இதைச் சொல்லாமல் மேலே போனால் தமிழ்க் குடும்பங்களின் பயம் புரியாது. தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1954 ஜூலையில் தடையை மீறி தேவிகுளத்துக்கு வந்த நேசமணி கைதானார். மறு மாதம் தெற்கே மார்த்தாண்டம், புதுக்கடையில் துப்பாக்கிச் சூடு. 1955-இல் மாநில மறுசீரமைப்புக் குழு அறிக்கை தந்தபோது, தெற்குத் தாலுகாக்களும் செங்கோட்டையும் தமிழ்நாட்டுக்கு என்றது. தேவிகுளமும் பீர்மேடும் கிடைக்கவில்லை. அங்கே தமிழர் நிறைய இருந்தார்கள். ஆனால் அதில் தோட்டத்துக்கு வந்து போகிறவர்கள் நிறைய, நிலையான குடிகள் அல்ல என்ற வாதம் எடுபட்டது.

அதே 1955-இல் பட்டம் தாணு பிள்ளை காலத்துக் குடியேற்றத் திட்டப்படி, கீழ்நாட்டு மலையாளி விவசாயிகள் மலைக்கு வந்தார்கள். குடும்பத்துக்கு ஐந்து ஏக்கர். யானை, மலேரியா, பசி என்று அவர்கள் பட்ட பாடும் சாதாரணமில்லை. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் விளைவைப் பாருங்கள். நேற்று வந்தவர் பட்டாவோடு குடியானவர் ஆனார். இரண்டு தலைமுறையாக இருந்தவர் 'வந்து போகிறவர்' ஆனார். பின்னாளில் பட்டியல் சாதிச் சான்றிதழ் வாங்கப் போனவர்களிடம், 1950-க்கு முன்பே குடும்பம் கேரளத்தில் இருந்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். கூலிக்காரத் தாத்தாவிடம் ஏது பத்திரம்? அவர் பெயர் இருந்தால் தோட்டத்து ரிஜிஸ்டரில் இருக்கும், அதுவும் கம்பெனியிடம்.

பாலக்காட்டுப் பக்கம் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளத்திலும் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. அங்கே பலருக்குச் சொந்த வயலும் தென்னந்தோப்பும் உண்டு. நிலம் உள்ளவனிடம் "எப்ப வந்தே?" என்று கேட்பது கஷ்டம். லயத்தில் இருப்பவரிடம் கேட்பது சுலபம். ஓய்வு வயது 58 வந்ததும் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும், பிள்ளைகளில் ஒருவர் தோட்ட வேலைக்குப் பெயர் கொடுத்தாலொழிய. அப்படிப்பட்ட வீட்டில் இருக்கிறவர் சங்கத் தலைவரைப் பகைத்துக்கொள்வாரா?

2015: பெண்கள் எழுந்த கதை

2005-இல் டாடா டீ ஒதுங்கிக்கொள்ள, தொழிலாளர்களையே பங்குதாரர்களாகக் கொண்டு கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் என்ற கம்பெனி உருவானது. பத்து வருடம் கழித்து, முந்தைய வருடம் 19 சதவீதம் இருந்த போனஸ் 10 சதவீதமாகக் குறைந்தது. 2015 செப்டம்பர் முதல் வாரம் பெண்கள் தேயிலைக் கூடையை இறக்கி வைத்துவிட்டு மூணாறு டவுனுக்கு நடந்தார்கள். ஆயிரக்கணக்கில் சாலையில் உட்கார்ந்தார்கள். கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலை நின்றுபோனது.

ஆச்சரியம், கம்பெனி மேல் இருந்த அதே கோபம் சங்கங்கள் மேலும் இருந்தது. தலைவர்கள் யாரும் பக்கத்தில் வரக்கூடாது என்றார்கள். தேவிகுளம் எம்.எல்.ஏ. எஸ். ராஜேந்திரனையே திருப்பி அனுப்பினார்கள். அவரும் தமிழர்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். இது மொழிச் சண்டை இல்லை. அச்சுதானந்தன் வந்தபோது அவரைத் தங்களோடு உட்கார வைத்துக்கொண்டார்கள். லிசி சண்ணி, கோமதி அகஸ்டின், இந்திராணி மணிகண்டன் போன்றவர்கள் அதுவரை வெளியுலகம் அறியாத பெயர்கள். இயக்கத்தின் பெயர் 'பெம்பிளை ஒருமை'. பெண்களின் ஒற்றுமை என்று பொருள். தமிழ்ப் பெண்கள் வைத்த, தமிழும் மலையாளமும் கலந்த பெயர்! தாங்கள் எந்த ஊர்க்காரர்கள் என்பதை அதைவிட அழகாக எப்படிச் சொல்வது?

ஒன்பதாவது நாள், செப்டம்பர் 13, முதல்வர் உம்மன் சாண்டி நடத்திய பேச்சில் போனஸ் 8.33 சதவீதம், கருணைத்தொகை 11.67 சதவீதம், ஆக மொத்தம் 20 என்று முடிவானது.

அடுத்தது கூலி. 232 ரூபாயை 500 ஆக்கு என்று கேட்டார்கள். இங்கேதான் பழையவர்களின் பலம் தெரிந்தது. கூலியைத் தீர்மானிக்கும் தோட்டத் தொழில் குழுவில் பதிவு பெற்ற சங்கங்களுக்குத்தான் நாற்காலி. பெம்பிளை ஒருமை அப்போது பதிவு பெற்ற சங்கம் இல்லை. சாலையை நிறைத்தவர்களுக்கு மேஜையில் இடமில்லை! போராட்டத்தில் பின்தங்கிப்போன சங்கங்களும் அதே கோரிக்கையோடு தனியாக வேலைநிறுத்தம் தொடங்கின. அக்டோபர் நடுவில் கூலி 301 ரூபாய் என்று முடிந்தது. கூடவே ஒரு நாளில் பறிக்க வேண்டிய கொழுந்து 21 கிலோவிலிருந்து 25 கிலோவாக உயர்ந்தது. கையெழுத்துப் போட்டவர்களில் எத்தனை பேர் கூடை சுமந்தவர்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

புதியவர்களும் பழையவர்களானபோது

அந்த நவம்பரில் உள்ளாட்சித் தேர்தலில் கோமதி தேவிகுளம் பிளாக் பஞ்சாயத்துக்கு ஜெயித்தார். 2016 சட்டமன்றத் தேர்தலில் அவர்கள் வேட்பாளருக்கு சில நூறு ஓட்டுகள்தான். தலைவிகளுக்குள் பிளவு வந்தது. கோமதி சிஐடியுவில் சேர்ந்தார், பிறகு வெளியே வந்தார். 2017 ஏப்ரலில் அமைச்சர் எம்.எம். மணி இந்தப் பெண்களின் போராட்டத்தைக் கொச்சையாகப் பேசியதாகச் சர்ச்சை வெடித்து, கோமதியும் தோழிகளும் மூணாறில் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2015-இல் வந்த கூட்டத்தில் சிறு பகுதிகூட அப்போது இல்லை.

"பார்த்தீர்களா, அனுபவம் இல்லாதவர்கள் அமைப்பு நடத்தினால் இப்படித்தான்" என்று பழைய தலைவர்கள் சொல்லலாம். அதில் பாதி உண்மை. கோபத்தால் ஒரு சாலையை ஒன்பது நாள் மறிக்கலாம், ஒரு அமைப்பை ஒன்பது வருடம் நடத்த முடியாது. கணக்கு எழுத, சட்டம் படிக்க, பேச்சுவார்த்தைக்குப் போக ஆள் வேண்டும். ஆனால் மீதிப் பாதி? அரை நூற்றாண்டுக்கு மேல் மலையில் இருந்த சங்கங்கள், இந்தப் பெண்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தனவா? உள்ளே வைத்துப் பழக்காதவர்கள், வெளியே போனபிறகு பழக்கமில்லை என்று குறை சொல்வது நியாயமாகப் படவில்லை.

2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலைக்குப் பக்கத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது பேர் போனார்கள். அநேகமாக எல்லோரும் தமிழ்க் குடும்பங்கள். தலைமுறை தலைமுறையாக இருந்தும் தங்களுக்கென்று ஒரு துண்டு நிலம் இல்லாதவர்கள். தொழிலாளிக்குச் சொந்த நிலமும் வீடும் வேண்டும் என்று அப்போது தெருவில் நின்று கேட்டவர்களில் கோமதியும் ஒருவர். 'வந்து போகிறவர்கள்' என்று 1955-இல் எழுதிய எழுத்துக்கு விலை எவ்வளவு என்று அன்றைக்குத் தெரிந்தது.

இன்றைய புதியவர்

கதை இன்னும் முடியவில்லை. தமிழ்ப் பிள்ளைகள் படித்து திருப்பூர், கோயம்புத்தூர், எர்ணாகுளம் என்று போய்விட, இடுக்கியின் தேயிலை, ஏலத் தோட்டங்களுக்கு இப்போது ஜார்க்கண்ட், அசாம் ஆட்கள் வருகிறார்கள். மொழி தெரியாது. முன்பணம் கொடுத்துக் கூட்டி வரும் ஏஜென்ட் உண்டு. தாத்தா காலத்துக் கங்காணியின் வேலைதான், கையில் மட்டும் மொபைல். இன்றைக்கு அந்த மலையில் பழைய ஆள் நம் தமிழர்தான். கொழுந்து எப்படிக் கிள்ளுவது, அட்டை கடித்தால் என்ன செய்வது என்று சொல்லிக் கொடுப்பதும் அவர்தான், "வந்தேறிகளால் கூலி குறைகிறது" என்று முணுமுணுப்பதும் அவர்தான்.

நாம் இருக்கும் ஊர்களின் தமிழ்ச் சங்கங்களுக்கும் இது பொருந்தும். எழுபதுகளில் வந்த டாக்டர்கள் குளிரிலும் தனிமையிலும் சங்கத்தைக் கட்டினார்கள், மறுக்கவே முடியாது. பின்னால் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் பொங்கல் விழாவுக்கு நாற்காலி அடுக்கினார்கள். நாற்காலி அடுக்கியவர் எத்தனை வருடம் கழித்து அதில் உட்காரலாம் என்பதில்தான் எல்லாச் சண்டையும்.

வயதோ வருடமோ பெரிய விஷயமில்லை என்பதுதான் மூணாறு காட்டுவது. கணக்கு நோட்டு யாரிடம் இருக்கிறது, அதைப் புதியவர் புரட்டிப் பார்க்க முடியுமா, பேச்சுவார்த்தைக்குப் போகும்போது அவரையும் கூட்டிப் போகிறார்களா? இந்த மூன்றுக்கும் நல்ல பதில் உள்ள அமைப்பில் பழையவருக்கு மரியாதை தானாக வரும். பதில் இல்லாத இடத்தில் "நீங்க வந்து எத்தனை வருஷம் ஆச்சு?" என்ற கேள்வி மட்டும் மிச்சமிருக்கும். அடுத்த சங்கத் தேர்தலுக்கு முன்னால் ஒரு தடவை கேட்டுப் பாருங்களேன்.