எல்லோரும் "சாமி": முகங்களை மறந்த ஒரு வரலாறு

"சைனாக்காரன் எல்லாம் ஒரே மூஞ்சி." "வடக்கத்திக்காரன் எல்லாம் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கான்." இதைச் சொல்லாதவர்கள் நம்மில் குறைவு. ஏன் என்று கேட்டால், "கண்ணுக்கு அப்படித்தான் தெரியுது" என்போம். ஆனால் குறை கண்ணில் இல்லை. ஒரு காலத்தில் நம் ஆட்களைப் பார்த்தும் இதையேதான் சொன்னார்கள். அந்தக் கதை நம் சென்னைக் கடற்கரையில்தான் ஆரம்பிக்கிறது.

1860 அக்டோபரில் 'ட்ரூரோ' என்ற கப்பல் 342 பேரோடு சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கிளம்பியது. கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் அவர்கள். ராயபுரம் ரயில் நிலையம் திறந்து அப்போது நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. இன்று இருப்பது போன்ற துறைமுகம் கிடையாது. மசூலா படகில் அலையைத் தாண்டிப் போய்த்தான் கப்பல் ஏற வேண்டும். நவம்பர் 16 அன்று கப்பல் டர்பனை அடைந்தது. 1911 வரை இப்படி நேட்டாலுக்குப் போனவர்கள் சுமார் 1,52,000 பேர். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னையிலிருந்து போனவர்கள்.

இவர்களைப் பற்றிய கப்பல் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர். கடைசியில் உடல் அடையாளம்: எங்கே தழும்பு, எங்கே மச்சம். ஆளை அடையாளம் காண முகத்தை நம்பவில்லை, மச்சத்தை நம்பினார்கள்!

அங்கே போனதும் பெயரும் போயிற்று. ராமசாமி, முனுசாமி, கோவிந்தசாமி என்று நிறைய பேர் இருந்ததால், வெள்ளைக்காரர்கள் எல்லோரையும் "சாமி" என்றே கூப்பிட்டார்கள். பெண்கள் எல்லோரும் "மேரி". 1893-ல் அங்கே போன காந்தி இதைத் தன் 'சத்திய சோதனை'யில் எழுதியிருக்கிறார். "சாமி என்றால் எஜமான் என்று அர்த்தம், நான் உங்கள் எஜமான் இல்லையே" என்று சில இந்தியர்கள் திருப்பிக் கேட்பார்களாம். :-)

அதே காந்தியிடம் ஒரு நாள் பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளி வந்தார். முதலாளி அடித்ததில் முன்பல் இரண்டு உடைந்து வாயெல்லாம் ரத்தம். தலைத்துணியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றார். காந்தி அவரை மருத்துவரிடம் அனுப்பினார், பிறகு நீதிமன்றத்துக்கும் போனார். ஆயிரக்கணக்கான "சாமி"களில் பாலசுந்தரம் என்ற பெயர் இன்றும் நமக்குத் தெரிகிறதென்றால், ஒருவர் அவரைத் தனி மனிதராகப் பார்த்ததுதான் காரணம்.

ஆனால் அரசாங்கங்கள் வேறு வழியில் போயின. மற்ற இனத்தவரை அடையாளம் காண முடியாதது காலனிகளில் பெரிய தொல்லையாக இருக்கிறது என்று 1892-ல் வந்த தன் கைரேகைப் புத்தகத்தில் பிரான்சிஸ் கால்டன் எழுதினார். 1897-ல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கியது. டிரான்ஸ்வாலில் ஆசியர்கள் எல்லோரும் கைரேகை கொடுக்க வேண்டும் என்று வந்த சட்டத்தை எதிர்த்துத்தான் காந்தியின் போராட்டம் 1906-ல் பிறந்தது.

சரி, இதற்கு உளவியல் என்ன சொல்கிறது? முதல் காரணம் பழக்கம். 2005-ல் வந்த ஓர் ஆய்வில், சிறு வயதில் பிரெஞ்சுக் குடும்பங்களுக்குத் தத்துப் போன கொரியர்கள், வளர்ந்த பின் ஆசிய முகங்களை விட ஐரோப்பிய முகங்களையே நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். ஆக, இது ரத்தத்தில் வருவதல்ல. இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். 2007-ல் அமெரிக்க மாணவர்களுக்கு அவர்கள் இனத்தவர் முகங்களையே காட்டி, சிலரை "உங்கள் பல்கலைக்கழகம்" என்றும் சிலரை "வேறு பல்கலைக்கழகம்" என்றும் சொன்னார்கள். "நம்ம ஆள்" என்று சொன்ன முகங்களே அதிகம் நினைவில் நின்றன. எல்லாம் ஒரே இன முகங்கள், மாறியது வெறும் பெயர்ப்பலகை!

நேட்டால் தோட்ட முதலாளியை இப்போது யோசித்துப் பாருங்கள். வருடக்கணக்கில் தினமும் அதே முகங்களைப் பார்த்தவர். பழக்கத்துக்கு அவருக்குப் பஞ்சமில்லை. "கூலி" என்று மனதில் ஒட்டிய பெயர்ப்பலகைக்குப் பிறகு, முகத்தைப் பார்க்க வேண்டிய தேவைதான் அவருக்கு இல்லாமல் போனது.

இப்போது அதே கடற்கரையில் நாம் எதிர்ப்பக்கம் நிற்கிறோம். எண்ணூரிலும் மணலியிலும் பீகார், ஒடிசா, அசாம் தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள். அன்று "சாமி", இன்று "பையா". 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் அசாம்காரர்கள். நம் பேச்சில் அவர்கள் "வடமாநிலத்தவர்" என்ற ஒரே சொல்லில் முடிந்து போனார்கள்.

மூளை இப்படித்தான் வேலை செய்கிறது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பெயர்ப்பலகை மாறினால் நினைவும் மாறும் என்று அதே ஆய்வுதான் சொல்கிறது. உங்கள் தெருவில் டீ குடிக்கிற அந்தப் பையனின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? கேட்டுப் பாருங்கள். அடுத்த முறை அவன் முகம் மறக்காது.