தஞ்சை மேசையில் கணினி சுருங்கிய கதை

தஞ்சை வட்டாரத்து நெல் மண்டிகளிலும் அரிசி ஆலைகளிலும் கணினிக்கு முந்தைய மேசை மிகச் சிறியது. கணக்குப்பிள்ளை தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுதும் சாய்வுப் பெட்டி அது. மூடியே எழுதும் பலகை. உள்ளே பேரேடு, மைக்கூடு, கொஞ்சம் சில்லறை. ஓர் ஆள் கையில் தூக்கிக்கொண்டு போய்க் களத்துமேட்டில் வைத்துக்கூடக் கணக்கு எழுதலாம். ஊர்க்கணக்கும் இதே தோதில்தான் நடந்தது. கர்ணம் வீட்டுத் திண்ணையே அலுவலகம். அடங்கலும் சிட்டாவும் அவர் வீட்டுப் பெட்டியில் இருந்தன. 1980 நவம்பரில் தமிழக அரசு கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்து, பிறகு கிராம நிர்வாக அலுவலர்களை நியமித்தபோது அந்த ஏடுகள் வீட்டை விட்டு அலுவலகத்துக்குப் போயின. காவிரி டெல்டாவில் அரசு மேசைக்குக் கணினி வந்தபோது முதலில் அதற்குள் ஏறியவற்றுள் இந்த நிலக்கணக்கும் ஒன்று.

இடையில் ஒரு தலைமுறைக்குத் தட்டச்சுப்பொறி இருந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா 1930களில் வடிவமைத்த விசைப்பலகையே தமிழ்த் தட்டச்சின் அடிப்படை. கும்பகோணம், தஞ்சாவூர், மாயவரம் கடைத்தெரு மாடிகளில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகள் நடந்தன. எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பிள்ளைகள் அங்கே லோயர், ஹையர் தேர்வுகளுக்குப் பழகினார்கள். பின்னாளில் கணினி வாங்கியவர்களின் முடிவுகளில் இந்தப் பழக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. விரல் ஏற்கெனவே ஒரு வரிசையைக் கற்றிருந்ததால், அந்த வரிசையில் தமிழ் அடிக்க விடாத இயந்திரம் எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் தஞ்சாவூர் மேசைக்கு உதவவில்லை.

1981இல் தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கியது. 1984இல் திருமலைசமுத்திரத்தில் சண்முகா பொறியியல் கல்லூரி வந்தது. இன்றைய சாஸ்த்ரா பல்கலைக்கழகம் அதுவே. அதே 1984 நவம்பரில் மத்திய அரசின் புதிய கணினிக் கொள்கை இறக்குமதிக் கெடுபிடிகளைத் தளர்த்தியது. அதே ஆண்டில் தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் நாடு முழுவதும் சுமார் 250 பள்ளிகளுக்குப் பிபிசி மைக்ரோ கணினிகள் போயின. விசைப்பலகையும் கணினியும் ஒரே பெட்டிக்குள் அடங்கிய பொறி அது. நினைவகம் 32 கிலோபைட். ஒரு கல்யாணப் பத்திரிகையின் படக்கோப்புகூட இன்று அதற்குள் அடங்காது. இந்திய மாணவர்கள் பலர் முதலில் தொட்ட கணினி, பிற்காலத்துப் பெரிய பெட்டிகளைவிடச் சிறியது. சிறிய கணினி புதிய கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அலுவலகங்களுக்கு வந்தவை வேறு இனம். ஐபிஎம் பி.சி. வழிவந்த எக்ஸ்டி, ஏடி பெட்டிகள் மேசை மேல் படுத்திருக்கும். மானிட்டர் அதன் முதுகில் உட்கார்ந்திருக்கும். நிரலும் தகவலும் 360 கிலோபைட் பிளாப்பியில் வந்தன. விலையோ நடுத்தரக் குடும்பம் நினைத்துப் பார்க்க முடியாதது. சென்னையின் ஸ்டெர்லிங் கம்ப்யூட்டர்ஸ் ‘சிவா’ என்ற பெயரில் மற்றவர்களைவிட வெகுவாகக் குறைத்து விற்றபோதுதான் விலை இறங்கக்கூடிய பொருள் இது என்பது சந்தைக்குத் தெரிந்தது. ஆனாலும் வீட்டுக்கு வாங்கும் பொருளாக அது ஆகவில்லை. கணினிக்குக் குளிர்சாதன அறை வேண்டும், செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும் என்ற வழக்கம் அக்காலத்தது. தூசிக்கு அஞ்சியதில் நியாயமும் இருந்தது.

வங்கிகளின் கதை மெதுவாக நகர்ந்தது. கும்பகோணத்தில் 1904இல் கும்பகோணம் வங்கியாகத் தொடங்கி 1987இல் சிட்டி யூனியன் வங்கி என்று பெயர் மாறிய நிறுவனம் டெல்டாவின் சொந்த வங்கி. அது போன்ற வங்கிகளின் மேசைக்கு எந்த இயந்திரம் வரலாம் என்பதை விலையும் வேகமும் மட்டும் தீர்மானிக்கவில்லை. இயந்திரமயமாக்கல் பற்றி 1983இல் வங்கிகளுக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் ஏற்பட்ட ஒப்பந்தமும், 1984இல் ரங்கராஜன் குழு தந்த அறிக்கையும் வழி வகுத்த பிறகே நாட்டின் வங்கிக் கிளைகளுக்குள் பேரேடு பதியும் இயந்திரங்கள் வந்தன. ஒன்றோடொன்று பேசாத தனித்தனிப் பெட்டிகள் அவை. வேலை போய்விடும் என்ற அச்சம் அன்று உண்மையானது. அதைப் பிற்போக்கு என்று ஒதுக்கிவிட முடியாது.

தமிழ் அடிப்பதுதான் அடுத்த முடிச்சு. தொடக்கக் காலப் பி.சி.க்குத் தமிழ் தெரியாது. கான்பூர் ஐஐடியில் உருவாகி சி-டாக் நிறுவனம் வெளியிட்ட ஜிஸ்ட் அட்டையைப் பெட்டிக்குள் செருகினால் திரையில் தமிழ் வரும். ஆகவே அட்டை செருக இடம் இருக்கிறதா என்பதே வாங்குவோரின் கேள்வியாக இருந்தது. பெட்டி பெரியதாக இருந்தாக வேண்டும். விண்டோஸ் பரவிய பின் அட்டை தேவையற்றுப்போனது. வானவில், ஸ்ரீலிபி போன்ற எழுத்துருத் தொகுப்புகள் போதுமாயின. 1990களில் டெல்டா நகரங்களின் அச்சகங்களில் ஈய எழுத்துக் கோக்கும் அறைகள் காலியாகி, டிடிபி சென்டர்கள் முளைத்தன. கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி எல்லாம் பேஜ்மேக்கரில் அமைக்கப்பட்டன. ஒவ்வோர் எழுத்துருவும் தன் குறியீட்டில் தனியே நின்றது. ஒரு கடையில் அடித்ததை அடுத்த கடையில் திறந்தால் கோணல்மாணலாக வரும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்99 விசைப்பலகையை அரசு தரப்படுத்தியது. 2010 ஜூனில் யூனிகோடும் அரசின் தரமானது. அதன் பிறகே தமிழ், எந்தப் பெட்டியை வாங்குவது என்ற கேள்வியிலிருந்து விலகியது.

அந்தக் காலத்து டிடிபி சென்டர்களில் இருந்த கணினிகளில் பெரும்பகுதி ‘அசெம்பிள்டு சிஸ்டம்’. சென்னை ரிச்சி தெருவிலிருந்து மதர்போர்டு, ராம், ஹார்ட் டிஸ்க், கேபினட் என்று தனித்தனியாக வாங்கி, உள்ளூர் மெக்கானிக் ஒருவர் பூட்டிக் கொடுப்பார். அந்தப் பெட்டி முழுவதையும் டெல்டாவில் ‘சிபியு’ என்றே சொல்வார்கள். கம்பெனிக் கணினியைவிட விலை குறைவு. அதைவிட முக்கியம், ஏதாவது போனால் அந்த ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், மாற்றித் தரும் ஆள் இரண்டு தெரு தள்ளி இருப்பார். கையில் காசு புரளும் காலமும் ஒத்துழைத்தது. குறுவை அறுவடை முடிந்து தீபாவளியையொட்டியும், சம்பா நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய்ப் பணம் வந்த பிறகும் ராம் கூட்டலாம், மானிட்டர் மாற்றலாம். மொத்தமாக ஒரே நாளில் பணம் போட வேண்டியதில்லை.

அரசு மேசையில் கணினியின் திருப்பம் திருவாரூரில் நிகழ்ந்தது. 1991இல் நாகப்பட்டினம் பிரிந்த பிறகு, 1997இல் உருவான இந்த மாவட்டத்தையே மின்னாளுமைக்கு முன்னோடியாக மாநில அரசு தேர்ந்தெடுத்தது. 2000ஆம் ஆண்டையொட்டி, சி. உமாசங்கர் ஆட்சியராக இருந்த காலத்தில் வட்டாட்சியர் அலுவலகங்களின் நிலப்பதிவு, சான்றிதழ், ஓய்வூதியப் பணிகள் கணினிக்கு மாறின. நாற்று நடும் ஊர்க்காரர் பட்டா நகலுக்கு அலைவது குறைந்ததே இதில் பெரிய காரியம். கணினி என்றால் பெங்களூர், சென்னை என்று மட்டும் நினைத்த நாட்களில் நெல்வயல் நடுவே இது நடந்தது. இதற்குரிய இடம் தமிழகக் கணினி வரலாற்றில் இன்னும் முழுதாகக் கொடுக்கப்படவில்லை. அதே அதிகாரி பின்னர் மாநில அரசின் எல்காட் நிறுவனத்துக்குத் தலைமையேற்று, அங்கே லினக்ஸைப் புகுத்தினார்.

இனி மின்சாரம். டெல்டாவில் மேசைக் கணினியின் அளவைச் சுருக்கியதில் இதற்குத்தான் முதலிடம் தர வேண்டும். 2008 முதல் 2013 வரை தமிழகத்தில் மின்தட்டுப்பாடு. 2012இல் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேலும் கரண்ட் போன நாட்கள் உண்டு. குழாய் மானிட்டரும் நிமிர்ந்த கேபினட்டும் சேர்ந்து நூறு வாட்டுக்கு மேல் இழுக்கும். சாதாரண யூபிஎஸ் அதைப் பத்துப் பதினைந்து நிமிடம் தாங்கும். அடித்ததைச் சேமித்து அணைக்க மட்டுமே அது உதவும். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் மின்கம்பங்களைச் சாய்த்தபோது பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. மடிக்கணினி இருந்தவர்கள், ஜெனரேட்டர் ஓடும் வீட்டில் ஒரு மணி நேரம் மின்னேற்றி வேலையை முடித்தார்கள். 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் அப்போது டெல்டாவின் எத்தனையோ வீடுகளுக்கு எட்டியிருந்தது.

மின்சாரத்துக்கு அடுத்தது தூசி. அரிசி ஆலையின் காற்றில் உமித்தூசி எப்போதும் மிதக்கும். பெட்டிக்குள் சுழலும் விசிறி அதை உள்ளே இழுத்து, சூட்டைக் கடத்தும் தகடுகளுக்கு இடையே மெத்தைபோல் அடைத்துவிடும். பிறகு கணினி சூடேறித் தானே நின்றுபோகும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்று ராமின் தொடுமுனைகளைக் கறுக்கச் செய்யும். எலி வயரைக் கடிப்பதும் பல்லி எஸ்எம்பிஎஸ் மின்வழங்கிப் பெட்டிக்குள் புகுந்து கருகுவதும் மெக்கானிக்குகளுக்குப் புதிதல்ல. விசிறியே இல்லாத அல்லது ஒரே சிறு விசிறி உள்ள பெட்டிக்கு இங்கே இருக்கும் மதிப்பு குளிரூட்டிய அலுவலகத்தில் இருப்பவருக்குப் புரியாது.

அத்தகைய பெட்டி வேறு காரணங்களுக்காக வேறு இடங்களில் உருவாகிக்கொண்டிருந்தது. 2001இல் தைவானின் வியா நிறுவனம் 17 சென்டிமீட்டர் சதுர மதர்போர்டை அறிமுகப்படுத்தியது. 2005 ஜனவரியில் ஆப்பிளின் மேக் மினி, 2008இல் இன்டெலின் ஆட்டம் சில்லு, 2012இல் லெனோவோவின் ‘டைனி’, அதையடுத்து உள்ளங்கையில் அடங்கும் இன்டெல் நக் என்று வரிசையாக வந்தன. டைனி ரகத்தின் கொள்ளளவு ஏறக்குறைய ஒரு லிட்டர், அதாவது சொம்பு ஒன்றின் அளவு. பெட்டிக்குள் மின்வழங்கி இல்லை. மடிக்கணினியைப் போல வெளியே தனி அடாப்டர். மானிட்டரின் முதுகில் திருகி மாட்டிவிடலாம். சாதாரண அலுவலக வேலைக்கு எல்இடி மானிட்டரையும் சேர்த்துச் சில பத்து வாட்டுகளே போதும். முன்பு பத்து நிமிடம் தாங்கிய அதே யூபிஎஸ் இதைப் பல மடங்கு நேரம் ஓட்டும். வீட்டு இன்வெர்ட்டரிலேயே போட்டுக்கொள்பவர்களும் உண்டு.

எல்லாருக்கும் இது பொருந்தியதா என்றால் இல்லை. அரிசி ஆலைக்காரரின் தேவையைப் பார்த்தால் தெரியும். 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தது. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான, லேபிள் ஒட்டிய அரிசிப் பைகளுக்கும் 5 விழுக்காடு வரி. டாலி மென்பொருளும் ஒரு கணினியும் இல்லாமல் ஆலைக் கணக்கு நகராது என்றானது. டாலிக்குச் சிறிய பெட்டி தாராளம். சிக்கல் பெட்டியின் பின்பக்கத்தில் இருக்கிறது. லாரியை நிறுத்தி எடை பார்க்கும் எடைமேடையின் கருவி பெரும்பாலும் பழைய ஒன்பது முள் சீரியல் போர்ட் வழியாகவே கணினியோடு பேசும். எடைச்சீட்டைக் கார்பன் வைத்து அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்களில் பழையவை அகலமான பேரலல் போர்ட்டைக் கேட்கும். புதிய சிறுபெட்டிகள் பலவற்றில் இரண்டுமே கிடையாது. யுஎஸ்பி மாற்றிக் கம்பி வைத்துச் சமாளிக்கலாம். மலிவான கம்பியானால் எடை திரையில் வராமல் லாரி வரிசையில் காத்து நிற்கும். ஆகவே சீரியல் போர்ட் உள்ள அலுவலக ரகச் சிறுபெட்டியைத் தேடி வாங்குவதே ஆலைக்கு நல்லது.

ஜெராக்ஸ் கடையும் இ-சேவை மையமும் இதற்கு நேர் எதிர். பட்டா சிட்டா நகல், வருமானச் சான்றிதழ், ரயில் டிக்கெட் எல்லாம் பிரவுசருக்குள் முடிகிற வேலை. செயலியைவிட எட்டு ஜிபி ராமும் எஸ்எஸ்டியும் நான்கைந்து யுஎஸ்பி துளைகளும் அங்கே பயன்படும். விரல்ரேகைக் கருவி, ஸ்கேனர், பிரிண்டர், வெப்கேம் எல்லாம் ஒரே நேரத்தில் மாட்டியிருக்கும். ஆறு வாட் அளவில் வடிவமைத்து 2023இல் வந்த இன்டெலின் என்100 சில்லு உள்ள மலிவான சிறுபெட்டி இவர்களுக்குப் போதும். கல்யாண வீடியோ வெட்டி ஒட்டும் ஸ்டுடியோக்காரர் மட்டும் நிமிர்ந்த பெரிய கேபினட்டை விட்டு இறங்கவில்லை, இறங்கவும் கூடாது. கிராபிக்ஸ் அட்டையும் நாலைந்து ஹார்ட் டிஸ்க்கும் ஒரு லிட்டருக்குள் அடங்கா. கோடையில் மணிக்கணக்கில் வீடியோ கோக்கும் வேலையில் சிறுபெட்டி சூட்டைத் தணிக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு வாங்குவோர் பெரும்பாலும் பழைய பெட்டியையே நாடுகிறார்கள். பெருநிறுவனங்கள் மூன்று நான்கு ஆண்டு பயன்படுத்திக் கழித்த லெனோவோ, டெல், ஹெச்பி சிறுபெட்டிகள் துடைத்துச் சீரமைக்கப்பட்டு ரிச்சி தெருவுக்கும், அங்கிருந்து தஞ்சைக்கும் வருகின்றன. கட்டு உறுதி, பாகம் கிடைக்கும், விலை புதியதில் பாதிக்கும் கீழே. 2023 ஆகஸ்ட் 3 அன்று மத்திய அரசு மடிக்கணினி, டேப்லெட்டுகளோடு மிகச் சிறிய மேசைக் கணினிகளின் இறக்குமதியையும் அனுமதிக்குட்பட்டதாக அறிவித்து, பின் அதைத் தளர்த்தியது. அந்தக் குழப்பத்திலும் சீரமைத்த பெட்டிகளுக்கு மவுசு குறையவில்லை.

இவற்றை வாங்கும்போது செயலியின் தலைமுறையைக் கட்டாயம் பார்க்க வேண்டியிருக்கிறது. விண்டோஸ் 11, இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய செயலிகளைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. ஆறாம், ஏழாம் தலைமுறைப் பெட்டிகள் அடிமாட்டு விலைக்குக் கிடைப்பதன் காரணம் இதுவே. வரிக்கணக்கும் எடைமேடை மென்பொருளும் விண்டோஸைச் சார்ந்தவை என்பதால் ஆலைக்காரர் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போவது வீண் செலவு. பள்ளிப் பாடம், இணையம், தமிழ்த் தட்டச்சு என்ற அளவில் நிற்கும் வீட்டுக்கும் ஊர் நூலகத்துக்கும் அந்தத் தடை இல்லை. லினக்ஸில் யூனிகோடு எழுத்துருக்களும் தமிழ்99 விசைப்பலகையும் இலவசமாகவே கிடைக்கின்றன. பழைய தட்டச்சு வரிசை பழகிய விரல்களுக்கு அந்த வரிசையும் அதிலேயே உண்டு.