தங்கவயலின் கண்வலிக்கு எந்தக் குறியீடு?

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலில், பத்தாம் பதிப்பில், கண்வலிக்கு எச்57.1 என்று ஓர் இடம் உண்டு. அமெரிக்கா 2015 அக்டோபர் 1 முதல் கைக்கொண்ட அதன் விரிந்த வடிவத்தில் வலது கண் வலித்தால் எச்57.11, இடது கண் என்றால் எச்57.12, இரண்டும் என்றால் எச்57.13. டெக்சாஸில் ஒருவர் டாக்டரிடம் சொன்ன கண்வலியை, மெடிக்கல் கோடிங் வேலையில் இருக்கும் நம் பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் உட்கார்ந்து வலம் இடம் பிரித்து எழுதுகிறார்கள். அதே பெங்களூருக்குச் சுமார் நூறு கிலோமீட்டர் கிழக்கே, கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸில், வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் போன தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாறைத்தூளுக்குள் வேலை செய்தார்கள். அவர்களுடைய நோய் வரலாறு என்று இன்று நம் கையில் இருப்பது பெரும்பாலும் நுரையீரலின் வரலாறுதான். கண் அதில் இல்லை. வலியின் அளவைப் பார்த்து எந்தப் பதிவேடும் நுணுக்கமாவதில்லை என்றும், அந்த வலிக்குப் பணம் கொடுக்கும் கடமை யாருக்காவது உண்டா என்பதே அதன் நுணுக்கத்தை முடிவு செய்கிறது என்றும் நான் கருதுகிறேன்.

பட்டியலின் பிறப்பிலிருந்தே இதைப் பார்க்கலாம். 1893இல் ழாக் பெர்த்தியோன் முன்வைத்த மூலப் பட்டியல் சாவுக்கான காரணங்களை மட்டுமே எண்ணியது. சாகடிக்காத நோய்கள் முறையாக உள்ளே வந்தது 1948இன் ஆறாம் திருத்தத்தில்தான். ஜான் டெய்லர் கம்பெனி தங்கவயலில் கால் வைத்தது 1880இல். ஆக, ஏறக்குறைய எழுபது ஆண்டுகள், பிழைத்திருப்பவனின் வலிக்கு உலகப் பட்டியலிலேயே இடமில்லை. நுரையீரலுக்கும் எளிதாகக் கதவு திறக்கவில்லை. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில், பாறைத்தூளால் வரும் நுரையீரல் நோயான சிலிகோசிஸுக்கு 1912இலேயே இழப்பீட்டுச் சட்டம் இருந்தது. 1930இல் ஜோகன்னஸ்பர்க்கில் அதைப் பற்றி சர்வதேச மாநாடே கூடியது. அதே 1930இல் தங்கவயலில் நிர்வாகம் அக்கறை காட்டியது தொழிலாளியின் கைரேகையைப் பதிவு செய்வதில். அதை எதிர்த்துப் பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது. தங்கவயல் இருந்த மைசூர் சமஸ்தானத்தில் சிலிகோசிஸ் விதிகள் வந்தது 1940இல். அதன் பிறகு 1946 வரை 7653 தொழிலாளர்களைச் சோதித்தபோது, ஏறத்தாழ 44 சதவீதத்தினருக்கு அந்த நோய் இருந்தது தெரிந்தது. விதி வந்தது, எண்ணிக்கையும் வந்தது. தூசி மட்டும் பழைய தூசிதான்.

கண்ணின் கதை வேறு. பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டர் ஆழம், அறுபது டிகிரியைத் தாண்டும் பாறைச் சூடு. வியர்வை கண்ணில் வழிய, தலைக்கு மேலே துளைபோடுகிறவன் அண்ணாந்துதான் நிற்க வேண்டும். கருவிழியில் ஒரு சில்லு தைத்தால் கண் திறக்க முடியாது, நீர் கொட்டும், வெளிச்சம் பட்டால் கூசும். பெரும்பாலும் இரண்டொரு நாளில் ஆறிவிடும். அந்த இரண்டொரு நாள்தான் சிக்கல். பிரிட்டிஷ் இந்தியாவுக்கென்று 1923இல் வந்து, பிற்காலத்தில் நாட்டுக்கே பொதுவான தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், தொடக்கத்தில் பத்து நாள் வரையிலான முடக்கத்துக்கு ஒன்றும் தரவேண்டியதில்லை என்றது. 1933இல் அது ஏழு நாளாகி, 1959இல் மூன்று நாளானது. பின்னாளில் அதன் அட்டவணையில், ஒரு கண்ணையே இழந்தால் சம்பாதிக்கும் திறனில் 40 சதவீதம் போனதாகவும், கண் இருந்து பார்வை மட்டும் போனால் 30 சதவீதம் போனதாகவும் கணக்கு இருந்தது. கண் போனால் கணக்கு உண்டு, கண் வலித்தால் இல்லை. பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் மங்கல் வெளிச்சத்தோடு சேர்த்துப் பேசப்பட்ட கண்நடுக்க நோய் 1907இலேயே இழப்பீட்டுப் பட்டியலில் ஏறிவிட்டது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஏறிய பிறகு டாக்டர்கள் அதைத் தேடினார்கள், அளந்தார்கள், அதைப் பற்றி நூல்களே எழுதினார்கள்.

நுரையீரல் நோய் ஆளையே கொல்லும், கண் உறுத்தல் தானாகப் போய்விடும், டாக்டர்கள் பெரியதைத்தானே முதலில் பார்ப்பார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பெரிய நோயே அறுபது ஆண்டுகள் காத்திருந்ததே, முன்னுரிமை என்ற சொல் அந்தத் தாமதத்தை விளக்கவில்லை. மருத்துவம் தெரிந்தவர் இன்னொன்று சொல்வார்: கண்ணில் விழும் சில்லு பெரியது, நுரையீரலின் ஆழம் வரை போகும் சிலிகாத் துகள் கண்ணுக்கே தெரியாதது, ஒன்று மற்றொன்றுக்குச் சாட்சியாகாது. ஒரு தனி ஆளைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் எந்தப் பகுதியில், எந்த ஷிப்டில், எத்தனை பேர் கண்ணைக் கசக்கிக்கொண்டு மேலே வந்தார்கள் என்று எழுதி வைத்திருந்தால், எங்கே தூசியை அடக்க நீர் பாய்ச்சாமல் துளைபோடுகிறார்கள் என்பது எக்ஸ்ரே எடுக்கும் முன்பே தெரிந்திருக்கும். நுரையீரல் கெட வருடங்கள் ஆகும், கண் அன்றைக்கே சொல்லிவிடும்.

இன்று குறியீடு இருக்கிறதே, இனி என்ன குறை என்பது மூன்றாவது கேள்வி. எச்57.1 என்று மட்டும் எழுதினால் நோயாளியின் புகார் பதிவாகும், சுரங்கம் மறைந்துபோகும். அதே கண்ணுக்கு, கருவிழியில் அந்நியப் பொருள் என்று டி15.0, அது கண்ணில் புகுந்தது சுரங்கம் போன்ற தொழிலிடத்தில் என்று டபிள்யூ44.6, வேலையோடு தொடர்புடையது என்று ஒய்96, மூன்றையும் சேர்த்து எழுத அதே புத்தகம் இடம் தருகிறது. எழுதுகிறவர் நோயாளியிடம் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது, ஆகவே இது பழங்கதை என்பவர்களும் உண்டு. தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் கொட்டிய மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட அரைத்த பாறைத்தூள் இன்னும் ஊருக்கு நடுவே சைனைடு டம்ப்களாக நிற்கிறது. காற்றுக் காலத்தில் அது லைன் வீடுகளுக்குள் வருகிறது, சாம்பியன் ஸ்டேஷனில் பெங்களூர் ரயிலுக்கு நிற்பவர்கள் முகத்தில் அடிக்கிறது. இந்தக் கண்களுக்கு ஒய்96 பொருந்தாது, யாரும் வேலையில் இல்லை. அடுத்த எண்ணான ஒய்97, சுற்றுச்சூழல் மாசினால் வந்த பாதிப்புக்கு உரியது. தங்கவயலில் கண் சிவந்து வரும் ஒவ்வொரு பிள்ளையின் சீட்டிலும், தூசி காரணமென்று டாக்டர் கண்டால், அந்த எண்ணை இன்றே எழுதத் தொடங்கலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை.